பயணப் புகைப்படத்தை டைல்ஸில் கையால் வரைவது: எந்த டைல், எந்தப் பெயிண்ட், எத்தனை டிகிரி?

பாதசாரி

எல்லாருக்கும் வணக்கம். பயணத்தில் எடுத்த மூன்று படங்களை டைல்ஸில் கையால் வரைந்து சுவரில் பதிக்கணும். ஒன்று மீன்பிடித் துறைமுகம்: முன்னால் சிவப்புப் படகுகள், பாய்மரக் கயிறுகள், பாதிப் படத்துக்கு வானம். இரண்டாவது, கல் படிக்கட்டு ஏறிப்போகிற ஒரு குறுகலான சந்து. மூன்றாவது மலையடிவாரத்தில் ஒரு ஏரி. எல்லாமே ஃபோனில் எடுத்தவை, 4:3 விகிதம். 15 செ.மீ. டைல் நாலுக்கு மூன்று என வைத்தால் ஒவ்வொரு படமும் 60 × 45 செ.மீ. வரும்னு கணக்குப் போட்டிருக்கேன். துறைமுகம் சமையலறையில் அடுப்புக்குப் பின்சுவருக்கு, மற்ற இரண்டும் ஹாலுக்கு.

வாட்டர்கலர் பழக்கம் உண்டு, செராமிக் புதுசு. சொந்தமாகச் சூளை இல்லை. ஆனால் கட்டணத்துக்குச் சுட்டுத் தருகிற மண்பாண்ட ஸ்டுடியோ ஒன்று பக்கத்தில் இருக்கு. வீட்டில் சாதாரண ஓவன் இருக்கு. பிரிண்ட் எடுத்து ஒட்டுகிற வழி வேண்டாம், தூரிகையால்தான் வரையணும்.

கடையில் விற்கிற வெள்ளை வால் டைல்ஸ் மேலேயே வரையலாமா, இல்லை வேற டைல் வாங்கணுமா? என்ன பெயிண்ட்? படத்தை அளவு பிசகாமல் 12 டைலுக்கும் எப்படி இறக்குவது? எங்கெல்லாம் சொதப்பும்னு முன்னாலேயே தெரிந்தால் நல்லது.

---

கில்ன்மேட்

பெயிண்ட்டிலிருந்து தொடங்காதீர்கள், வெப்பத்திலிருந்து தொடங்குங்கள். எத்தனை டிகிரியில் சுடப் போகிறீர்கள் என்று முடிவானால் டைலும் பெயிண்டும் தானாகவே முடிவாகிவிடும். உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, 150 டிகிரி செல்சியஸ், வீட்டு ஓவன். பெபியோ போர்சலைன் 150 போன்ற பெயிண்ட்டுகள் இதற்கானவை. கடையில் விற்கும் மெருகிட்ட டைலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வரைந்து, 24 மணி நேரம் உலரவிட்டு, குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூடேற்ற வேண்டும். ஓவன் 150-ஐத் தொட்ட பிறகு 35 நிமிடம். அதற்குப் பின் ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். வெப்பம் கூடினால் வெளிர் நிறங்கள் பழுப்படிக்கும். இது டைலின் மேல் ஒட்டியிருக்கும் படலம்தான், கண்ணாடியோடு கலந்த நிறம் அல்ல. ஃபிரேம் போட்டு மாட்ட ஏற்றது. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவும் இடத்தில் தாங்காது.

இரண்டாவது வழி ஓவர்கிளேஸ், அதாவது சைனா பெயிண்ட். 780 முதல் 820 டிகிரி வரை. மெருகிட்ட டைலின் மேல் வரைந்து சுடும்போது பெயிண்ட்டில் உள்ள கண்ணாடிப் பொடி உருகி, இளகிய மெருகில் பதிந்துவிடும். கடை டைல் இதற்கு ஆகும், ஆனால் எல்லா டைலும் ஆகாது. டைலைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் உறிஞ்சினால் அது நுண்துளையுள்ள வால் டைல்; மறுசூட்டைப் பெரும்பாலும் தாங்கும். சொட்டு அப்படியே நின்றால் அது விட்ரிஃபைட் வகை. சூளையில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். பின்னால் பிளாஸ்டிக் வலை ஒட்டியது எதையும் சூளைக்குள் கொண்டுபோகவே கூடாது. எந்த டைலானாலும் ஒன்றை மட்டும் வெறுமனே சுட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.

மூன்றாவது வழி அண்டர்கிளேஸ், 1000 முதல் 1060 டிகிரி வரை. ஸ்டுடியோ மொழியில் கோன் 06-இலிருந்து கோன் 04 (கோன் என்பது சூளைச் சூட்டைக் குறிக்கும் அளவு எண்). ஒருமுறை சுட்ட, மெருகில்லாத பிஸ்க் டைலில் வரைந்து, மேலே தெளிந்த கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மெருகுப் பூச்சு) பூசிச் சுட வேண்டும். நிறம் முழுக்கக் கண்ணாடிக்கு அடியில் போய்விடும். தேய்ப்பு, சோப்பு, எலுமிச்சை எதுவும் நிறத்தைத் தொடாது. சமையலறைச் சுவருக்கு நான் சொல்வது இதைத்தான். வாட்டர்கலர் கைப்பழக்கமும் இதில்தான் அதிகம் உதவும்.

கடையில் வாங்கிய மெருகிட்ட டைலின் மேல் அண்டர்கிளேஸ் வரைந்து 1000 டிகிரிக்கு மேல் ஏற்றலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. பழைய மெருகு அந்த வெப்பத்தில் மீண்டும் இளகி, மேலே உள்ள நிறத்தை இழுத்துக்கொண்டு நகரும், கொப்புளமும் வரலாம்.

இனி அண்டர்கிளேஸ் வேலை வரிசை.

பிஸ்க் டைலை ஈரப் பஞ்சால் துடையுங்கள். தூசி போவதற்காக மட்டும் அல்ல. காய்ந்த பிஸ்க் தூரிகையிலிருந்து தண்ணீரை உடனே குடித்துவிடும். கோடு இழுக்கும்போது இரண்டு செ.மீ.க்குள் தூரிகை வறண்டு, முனை பிரிந்து, கோடு முள்முள்ளாக உடையும். லேசான ஈரம் இருந்தால் கோடு முழு நீளத்துக்கும் ஓடும். ஈரம் பளபளவென்று தெரிந்தால் அது அதிகம்; நிறம் பரவிவிடும். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது.

அழுத்தமான, சீரான நிறம் வேண்டிய இடத்தில் மூன்று கோட், ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக. வாட்டர்கலர் சாயல் வேண்டிய இடத்தில் தண்ணீர் கலந்து ஒரே கோட். ரொம்ப நீர்த்தால் பெயிண்ட்டில் உள்ள பசையும் நீர்த்துப்போய், உலர்ந்த பிறகு நிறம் பொடியாக விரலில் வரும். அப்போது வெறும் தண்ணீருக்குப் பதில் சி.எம்.சி. கோந்து (தண்ணீரில் கரையும் செல்லுலோஸ் பசை) மிகச் சிறிதளவு கரைத்த தண்ணீரால் நீர்த்துக்கொள்ளுங்கள்.

வரைந்து முடித்ததும் நேரே கிளேஸ் பூசினால் தூரிகை அடியில் உள்ள நிறத்தைக் கலைத்துவிடும். அதனால் கிளேஸ் இல்லாமல் ஒருமுறை 700 டிகிரி அளவில் சுட்டு நிறத்தை இறுக்கிக்கொள்வது நல்லது. பசை எரிந்து போகும், டைலின் உறிஞ்சும் தன்மை அப்படியே இருக்கும். ஸ்டுடியோவில் இதற்கெனத் தனியாகச் சூளை போட மாட்டார்கள் என்றால், அவர்களுடைய வழக்கமான பிஸ்க் சூட்டோடு சேர்த்துவிடலாம். ஆனால் அது 1000-ஐத் தாண்டும் என்பதால் நிறம் பட்ட இடங்கள் கொஞ்சம் இறுகி, கிளேஸைக் குறைவாக உறிஞ்சும். டைலை லேசாகச் சூடுபடுத்திவிட்டுக் கிளேஸ் பூசினால் சரியாகப் பிடிக்கும்.

தெளிந்த கிளேஸ் பூச, டைலை இரண்டு மரச்சட்டங்களின் மேல் வைத்து, அகன்ற குவளையால் ஒரே வீச்சில் ஊற்றுவது முக்கி எடுப்பதைவிடச் சீராக வரும். பாதியில் நிறுத்தினால் அங்கே ஒரு மேடு நிற்கும். தூரிகைதான் என்றால் அதற்கான பிரஷ்ஷிங் கிளேஸ், மூன்று கோட். உலர்ந்த பூச்சு 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஊசியால் ஓரத்தில் கீறினால் தெரிந்துவிடும். அதற்கு மேல் தடித்தால் சுட்ட பிறகு கிளேஸுக்குள் நுண்குமிழி சிக்கி, கறுப்பும் கருநீலமும் பால் தெளித்தது போல் மங்கும். தெளிவான படம் பனிமூட்டமாக வந்துவிட்டது என்பவர்களுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

பின்பக்கத்தையும் ஓரத்தையும் ஈரப் பஞ்சால் சுத்தமாகத் துடையுங்கள். அடியில் ஒரு துளி கிளேஸ் இருந்தாலும் டைல் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அது உங்கள் டைலுக்கு மட்டும் நஷ்டமல்ல, அவர்களுடைய தட்டுக்கும்தான்.

சூடு ஏற்றும் வேகம்: 600 டிகிரி வரை மணிக்கு 100, அதன் பின் மணிக்கு 150, உச்சியில் 10 நிமிடம் நிறுத்தம். 573 டிகிரியில் களிமண்ணில் உள்ள குவார்ட்ஸின் பருமன் திடீரென்று மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் டைல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பிளக்கும். தட்டையான டைலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தட்டோடு ஒட்டிப் படுக்கும் அடிப்பக்கம் மெதுவாகவும் மேல்பக்கம் வேகமாகவும் சூடாகும், ஆறும்போதும் அப்படியே. டைல் ரேக் இருந்தால் அதில் அடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடியில் அலுமினா பொடியோ மெல்லிய சிலிக்கா மணலோ தூவி வைக்கலாம். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.

---

நீலக்கோடு

சூளை பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. நான் படத்தைப் பற்றிச் சொல்றேன், ஏன்னா பாதி டைல் ஓவியம் கெட்டுப்போறது சூளையில இல்ல, புகைப்படத்தை அப்படியே நகல் எடுக்கணும்ங்கிற ஆசையில.

ஃபோன் கேமரா நிழலை வெளிச்சமாக்கி, வெளிச்சத்தை அடக்கி, எல்லாத்தையும் ஒரே நடுத்தர அளவுக்குக் கொண்டு வந்திடும். திரையில அழகா இருக்கும், டைல்ல தட்டையா விழும். அதனால முதல் வேலை, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்க. அப்புறம் கொஞ்சம் பிளர் பண்ணி, போஸ்டரைஸ் வசதியில 4 அல்லது 5 படிநிலைக்குக் குறைங்க. இப்ப அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. படகு எது, தண்ணி எது, கரை எதுன்னு அந்த அளவிலும் தெரிஞ்சா அந்தப் படம் டைலுக்கு ஆகும். தெரியலைன்னா வேற படம் எடுங்க, இல்லை இன்னும் இறுக்கமா கிராப் பண்ணுங்க. நீங்க சொன்ன மூணுல சந்துப் படம்தான் சுலபமா வரும்னு தோணுது: ஒருபக்கச் சுவர் நிழல்ல, மறுபக்கம் வெயில்ல, படிக்கட்டு கண்ணை உள்ளே இழுத்துட்டுப் போகும். ஏரிதான் கஷ்டம். தொலைவு மலை, தண்ணி, வானம் மூணுமே பக்கத்துப் பக்கத்து சாயல்.

செங்குத்துக் கோடுகள் சாயாம பெர்ஸ்பெக்டிவ் கரெக்‌ஷன் பண்ணிடுங்க. காகிதத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு டிகிரிச் சாய்வு, டைல் இணைப்புக் கோட்டுக்குப் பக்கத்துல வந்தா பளிச்சுன்னு தெரியும். அதே காரணத்துக்காக அடிவானக் கோடு டைல் இணைப்பு மேலேயே விழக் கூடாது. ரெண்டு மூணு செ.மீ. மேலயோ கீழயோ தள்ளுங்க. மனுஷ முகம் இருந்தா அது ஒரே டைலுக்குள்ள அடங்கணும்.

அளவு விஷயத்துல உங்க கணக்கைத் திருத்தணும். 15 செ.மீ.ன்னு விற்கிற டைல் பல நேரம் 152 மி.மீ. இருக்கும், ஸ்கேல் வெச்சு அளந்துக்குங்க. 152-ன்னா நாலு டைல் 608 மி.மீ., நடுவுல 2 மி.மீ. இடைவெளி மூணு, ஆக அகலம் 614. உயரம் மூணு டைல் 456, இடைவெளி ரெண்டு, ஆக 460. படத்தை 614 × 460-க்குத்தான் தயார் பண்ணணும், 600 × 450-க்கு இல்ல. வரையும்போதும் டைல்களை ஒரு பலகை மேல 2 மி.மீ. ஸ்பேசர் வெச்சே அடுக்குங்க. ஒட்டி அடுக்கி வரைஞ்சிட்டு, சுவர்ல இடைவெளி விட்டுப் பதிச்சா, பாய்மரக் கயிறு மாதிரி சாய்கோடு ஒவ்வொரு இணைப்பிலும் படி இறங்கின மாதிரி உடையும்.

பிரிண்ட்டுக்கு 100 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 100 புள்ளி) தாராளம், அதாவது அகலம் சுமார் 2400 பிக்சல். ஒரு டைலுக்கு ஒரு ஏ4 தாள்னு 12 தாளா எடுக்கிறதுதான் வசதி, பெரிய தாளா ஒட்டிச் சேர்க்க வேண்டாம். பிரிண்டர்ல 'தாளுக்குப் பொருத்து' வசதியை அணைச்சிடணும், இல்லைன்னா அளவு சத்தமில்லாமச் சுருங்கிடும். ஒவ்வொரு தாள் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு ஒண்ணு போட்டு வெச்சு, பிரிண்ட் வந்ததும் ஸ்கேலால சரிபாருங்க.

இறக்குறதுக்கு ரெண்டு வழி. பிஸ்க் டைல்னா கிராஃபைட் டிரேசிங் தாளை அடியில வெச்சு, எழுதி முடிஞ்ச பால்பாயின்ட்டால மெல்ல இழுத்தா போதும். கிராஃபைட் சூளையில எரிஞ்சு போயிடும். மெழுகுப் பூச்சுள்ள கார்பன் தாள் வேண்டாம். அந்த மெழுகு மேல தண்ணி பெயிண்ட் பிடிக்காது, கோடு நெடுக வெள்ளையா விட்டுப் போகும்.

இன்னொண்ணு ஊசிக்குத்து. டிரேசிங் பேப்பர்ல கோடுகள் மேல 1 முதல் 2 மி.மீ.க்கு ஒரு துளை, பின்பக்கம் மெல்லிய உப்புத்தாளால தேய்ச்சா துளை திறக்கும். மெல்லிய துணியில கரித்தூளைக் கட்டி அதுமேல தட்டுங்க, தாளை எடுத்தா புள்ளிப் புள்ளியா படம். நெதர்லாந்தோட டெல்ஃப்ட் டைல் பட்டறைகள்ல ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைஞ்சது இப்படித்தான்.

எல்லாக் கோட்டையும் இறக்க வேண்டாம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற எல்லை, பெரிய உருவங்களோட விளிம்பு, அவ்வளவுதான். கல் சுவர்ல ஒவ்வொரு கல்லையும் இறக்கினா கடைசியில கோடு நிரப்புற வேலையாப் போயிடும். ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு பார்க்கிற படத்துல நாலைஞ்சு கல்லைத் தெளிவாக் காட்டிட்டா மீதியைக் கண்ணு போட்டுக்கும்.

ஒவ்வொரு டைலுக்குப் பின்னாலும் வரிசை எண்ணும் மேல்நோக்கி அம்புக்குறியும் போடுங்க. மார்க்கரும் பென்சிலும் எரிஞ்சு அழிஞ்சிடும். அண்டர்கிளேஸ் பென்சிலாலயோ, மெல்லிய தூரிகையில கறுப்பு அண்டர்கிளேஸ் தொட்டோ எழுதணும். வானம் மட்டும் உள்ள டைல்கள் சூளையில இருந்து வந்தா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

கடைசியா ஒரு யோசனை. முதல் படத்தைக் கோபால்ட் நீலத்துல மட்டும் வரையுங்க. போர்ச்சுகல்ல போர்ட்டோ நகரத்துச் சாவோ பென்ட்டோ ரயில் நிலைய மண்டபத்துல, ஓவியர் ஜோர்ஜ் கொலாசோ வடிவமைச்ச சுமார் 20,000 டைல்களைப் பாருங்க. போர்க்களம், ஊர்வலம், கிராமத்து வேலைன்னு அத்தனை பெரிய காட்சிகளையும் பெரும்பாலும் நீலமும் வெள்ளையும்தான் தாங்குது. மூணு கிண்ணம் போதும்: ஒண்ணுல அப்படியே அண்டர்கிளேஸ், ஒண்ணுல ஒரு பங்குக்கு 3 பங்கு தண்ணி, ஒண்ணுல ஒரு பங்குக்கு 8 பங்கு. நாலாவது சாயல் டைலோட வெள்ளை. போஸ்டரைஸ் பண்ணின 4 படிநிலையும் இந்த நாலும் நேருக்கு நேர் பொருந்தும்.

---

வெள்ளைமெருகு

அண்டர்கிளேஸ் நல்ல வழிதான். ஆனால் போர்ச்சுகலின் அஜுலேஜு, இத்தாலியின் மயோலிக்கா டைல்களில் தெரியும் அந்த மென்மை வேண்டுமென்றால் சுடாத வெள்ளைக் கிளேஸின் மேல் வரைவதையும் எண்ணிப் பாருங்கள். பிஸ்க் டைலில் டின் ஆக்சைடோ ஜிர்கானோ கலந்த வெள்ளைக் கிளேஸை ஊற்றி, உலர்ந்த பொடிப் பரப்பின் மேலேயே வரைவது. நிறமும் கிளேஸும் ஒன்றாக உருகும். கோட்டின் விளிம்பு இம்மியளவு கரைந்து, நிறம் வெள்ளைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். தண்ணீர், பனிமூட்டம், தொலைவு மலை இதற்கெல்லாம் இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. உங்கள் ஏரிப் படம் இதைத்தான் கேட்கிறது.

விலை என்னவென்றால், அழிக்க முடியாது. தூரிகை பட்ட கணமே பொடி குடித்துவிடும். சுரண்டினால் பள்ளம் விழும். அங்கே கிளேஸைத் தொட்டு வைத்து, உலர்ந்ததும் மட்டமாகச் சீவி, மறுபடி வரைய வேண்டும். கிளேஸில் சிறிது சி.எம்.சி. கோந்து சேர்த்தால் பரப்பு கொஞ்சம் இறுகி, தூரிகை பொடியை வாரிக்கொண்டு போகாது. இதில் கிராஃபைட் தாள் வேலைக்காகாது, அழுத்தம் பட்டால் கிளேஸ் உதிரும்; ஊசிக்குத்துதான்.

வரையும் நிறம் வெறும் ஸ்டெயினாக (சூளை தாங்கும் நிறமிப் பொடி) இருந்தால் சுட்ட பிறகு அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக, மெருகில்லாமல் நிற்கும். ஸ்டெயினும் ஃபிரிட்டும் (உருகக்கூடிய கண்ணாடிப் பொடி) சம அளவில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். கோபால்ட் ஆக்சைடை நேரடியாகப் பயன்படுத்தினால் மிகக் குறைவாக எடுங்கள். தடித்து விழுந்த இடம் கறுத்து உலோகப் பூச்சாகிவிடும்.

---

கில்ன்மேட்

வெள்ளைமெருகு சொல்லும் அழகு உண்மை. ஆனால் பாதசாரிக்குச் சூளை வீட்டில் இல்லை. சுடாத கிளேஸ் மேல் வரைந்த டைலை வண்டியில் கொண்டுபோவது அவ்வளவு சுலபமல்ல. விரல் பட்டாலே தடம் விழும், ஓரம் உரசினால் வெள்ளை உதிர்ந்து அடியில் உள்ள பிஸ்க் தெரியும். ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து வரைய இடம் தருவார்கள் என்றால் மட்டும் அதில் இறங்குங்கள். அண்டர்கிளேஸ் வரைந்த பிஸ்க்கைக்கூட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், பள்ளம் வெட்டிய தெர்மக்கோலில் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுபோக வேண்டும்.

---

பாதசாரி

ரொம்ப நன்றி. அண்டர்கிளேஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன். முதலில் சந்துப் படம் நீலத்தில், அப்புறம் துறைமுகம் பல நிறத்தில். ரெண்டு சந்தேகம். வானம் நாலு டைல் அகலத்துக்குப் பட்டை விழாமல் எப்படி வரும்? படகின் சிவப்பு சூளையில் போய்விடும்னு கேள்விப்பட்டேன், உண்மையா? வாங்குவதற்கு முன் நிறங்களை எப்படிச் சோதிப்பது?

---

கில்ன்மேட்

சிவப்பு முதலில். பழைய காலத்தில் போய்விடும் என்பது சரி. இப்போது கிடைக்கும் நல்ல சிவப்பு, ஆரஞ்சு அண்டர்கிளேஸ்களில் காட்மியம்-செலினியம் நிறமியை ஜிர்கான் படிகத்துக்குள் அடைத்திருப்பார்கள். 1060 டிகிரியை எளிதாகத் தாங்கும். சிவப்பு வெளிறிப்போவது பெரும்பாலும் கோட் குறைந்ததால்தான். சிவப்புக்கு மூன்று கோட் கட்டாயம், நீர்த்துப் பூசினால் சோர்ந்துதான் வரும். நிழல் பக்கத்துக்குச் சிவப்பைக் கறுப்போடு கலக்காமல், மூன்று கோட் உலர்ந்த பிறகு அதன்மேல் நீர்த்த பழுப்பை ஒரு கோட் போடுங்கள். வாங்கும்போது 'இன்க்ளூஷன்' அல்லது 'என்கேப்சுலேட்டட்' வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த பெயிண்ட்டைத் தேய்த்துத் தூளாக்கக் கூடாது, மேசையை ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

உண்மையில் சிவப்பைவிடக் கவனிக்க வேண்டியது பச்சையும் இளஞ்சிவப்பும். குரோமியம் சேர்ந்த பச்சையின் மேல் துத்தநாகம் உள்ள தெளிந்த கிளேஸ் பட்டால் மரமெல்லாம் பழுப்பாகிவிடும். குரோம்-டின் வகை இளஞ்சிவப்பு, மெரூன் நிறங்களும் துத்தநாகத்தில் சாம்பலடிக்கும். துத்தநாகம் இல்லாத தெளிந்த கிளேஸ்தானா என்று ஸ்டுடியோவில் கேளுங்கள். நிறம் மாறியதற்குச் சூளையைத் திட்டுவார்கள், காரணம் கிளேஸ் வாளியில் இருக்கும்.

வானம். பிஸ்க் தண்ணீரைக் குடிக்கும் வேகம்தான் பட்டைக்குக் காரணம். முதல் இழுப்பின் ஓரம் உலர்ந்த பிறகு அடுத்த இழுப்பு அதன்மேல் ஏறும், அங்கே இரட்டைக் கோட் விழும். எனவே வானம் வரும் டைல்கள் எல்லாவற்றுக்கும் முதலில் நீர்த்த சி.எம்.சி. கோந்துத் தண்ணீர் ஒரு கோட் கொடுத்து உலரவிடுங்கள். உறிஞ்சும் வேகம் குறையும். பிறகு டைல்களை ஸ்பேசரோடு அடுக்கி, ஈரப் பஞ்சால் துடைத்து, அகலமான மென்மயிர்த் தூரிகையால் இடமிருந்து வலம் நாலு டைலையும் ஒரே இழுப்பாகக் கடந்துவிடுங்கள். டைல் டைலாக வரைந்தால் எத்தனை கவனமாக இருந்தாலும் நாலு தனித்தனி வானம்தான் கிடைக்கும். மேலே அடர்த்தியில் தொடங்கி, கீழே வர வரத் தண்ணீரைக் கூட்டுங்கள். ஈரம் இருக்கும்போதே சொரசொரப்பான பஞ்சை நனைத்துப் பிழிந்து மெல்லத் தட்டினால் மீதிப் பட்டையும் கலையும். மேகத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் வேண்டாம். வானம் ஈரமாக இருக்கும்போதே பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் டைலின் வெள்ளையே மேகமாகிவிடும்.

இடைவெளிக்குள் வழிந்த பெயிண்ட் ஓரத்தில் தடித்து நிற்கும். உலர்ந்ததும் ஈரப் பஞ்சால் நான்கு ஓரங்களையும் துடைத்துவிடுங்கள்.

சோதனை டைல் கட்டாயம். அதே பிஸ்க் டைல் ஒன்றில், வாங்கிய ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பட்டை. அதை மூன்றாகப் பிரித்து ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட். நிறத்தின் பெயரை அண்டர்கிளேஸ் பென்சிலால் பக்கத்தில் எழுதி, டைலின் பாதிக்கு மட்டும் தெளிந்த கிளேஸ் பூசி, படத்தைச் சுடப்போகும் அதே கோனில் சுடுங்கள். அண்டர்கிளேஸ் சுடுவதற்கு முன் சுண்ணாம்பு கலந்தது போல் வெளிறி இருக்கும். கிளேஸுக்கு அடியில் இரண்டு மடங்கு அழுத்தமாகும். அந்த வெளிறிய நிறத்தை நம்பி மேலே மேலே பூசுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. சோதனை டைல் பக்கத்தில் இருந்தால் கை தானாக நிற்கும்.

சுட்ட பிறகு பார்க்க வேண்டிய கோளாறுகள்: கிளேஸ் சுருண்டு விலகி வெற்றிடம் தெரிந்தால், அங்கே எண்ணெய் விரலோ தூசியோ பட்டிருக்கிறது, அல்லது அண்டர்கிளேஸ் மூன்று கோட்டுக்கு மேல் தடித்திருக்கிறது. அந்த இடத்தில் கிளேஸைத் தொட்டு வைத்து மறுபடி சுட்டால் பெரும்பாலும் மூடிவிடும். முடிமுடியாக வலை விரிசல் தெரிந்தால், கிளேஸ் டைலைவிட அதிகமாகச் சுருங்குகிறது என்று பொருள். அது அந்த டைலுக்கும் அந்தக் கிளேஸுக்கும் உள்ள பொருத்தமின்மை, மறுசூட்டில் சரியாகாது. வேறு கிளேஸ்தான் வழி. விரிசல் சில வாரம் கழித்தும் வரலாம், நுண்துளை டைல் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் விரிவதால். அதனால் சோதனை டைலைச் சுட்ட அன்றே முடிவு கட்டாமல் கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள்.

---

சுவர்வேலை

பதிக்கும் பக்கத்தை நான் சொல்கிறேன். அடுப்புக்குப் பின்சுவர் என்பதால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

முதலில் தரையில் 12 டைலையும் ஸ்பேசரோடு எண்படி அடுக்கி, மொத்த அகலத்தை அளந்து, சுவரில் 614 × 460 கட்டத்தை லெவல் வைத்து வரைந்துகொள்ளுங்கள். சூளைக்குப் போய் வந்த டைல்களில் ஒன்றிரண்டு அரை மி.மீ. கூடக்குறைய இருக்கும். அந்த வித்தியாசத்தை இடைவெளியில் பங்கிட வேண்டும், ஒரே ஓரத்துக்குத் தள்ளக் கூடாது. அடி வரிசையில் தொடங்குங்கள். வெள்ளை டைல் அட்ஹெசிவ், சுவரில் பல் கரண்டியால் இழுத்து, டைலின் பின்னாலும் மெல்லிய பூச்சு. நுண்துளை டைல் அட்ஹெசிவின் ஈரத்தைச் சீக்கிரம் குடிக்கும், எனவே இரண்டு மூன்று டைலுக்கான இடத்துக்கு மட்டும் பூசிப் பூசிப் போங்கள். பின்னால் எழுதிய எண் மறைந்துவிடும் என்பதால், முன்பக்கம் மாஸ்கிங் டேப்பில் அதே எண்ணை எழுதி ஒட்டிக்கொண்டால் அவசரத்தில் தலைகீழாகப் பதிய மாட்டீர்கள்.

2 மி.மீ. இடைவெளியை நிரப்ப மணல் இல்லாத கிரௌட் (இணைப்புகளை அடைக்கும் கலவை). மணல் கலந்தது மெருகைக் கீறும். நிறம், படத்தின் நடுத்தரச் சாயலை ஒட்டி இருக்கட்டும். நீலப் படத்துக்கு வெளிர் சாம்பல் நீலம் பொருந்தும். பளிச்சென்ற வெள்ளை கிரௌட் இருண்ட பகுதிகளில் கட்டம் போட்டது போல் தெரியும். கறுப்பு, வானத்தைக் கூண்டுக்குள் அடைத்துவிடும். சோதனை டைல் ஒன்றில் அந்த கிரௌட்டைத் தடவி, உலர்ந்ததும் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வலை விரிசல் இருந்தால் நிறம் அதில் ஏறிக்கொள்ளும், சுவரில் ஏறிய பிறகு அதை எடுக்க வழியில்லை.

கிரௌட் படலத்தைக் கல்போல் இறுகவிட்டு ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உண்டு. இந்த டைலுக்கு ஆசிட் வேண்டாம். குறைந்த வெப்பத்தில் சுட்ட கிளேஸின் பளபளப்பு அதில் மங்கும். கிரௌட் லேசாக இறுகியதும் நன்றாகப் பிழிந்த பஞ்சால், இணைப்புக்குக் குறுக்காகச் சாய்வாகத் துடையுங்கள். இணைப்பின் நீளவாக்கில் துடைத்தால் பஞ்சு உள்ளே இறங்கி கிரௌட்டைத் தோண்டி எடுத்துவிடும். ஒவ்வொரு துடைப்புக்கும் பஞ்சைத் திருப்பி, நாலு முறைக்கு ஒருமுறை அலசுங்கள். மீதி நிற்கும் வெண்படலத்தை மறுநாள் உலர்ந்த மெல்லிய துணி எடுத்துவிடும்.

ஹாலில் வைக்கும் இரண்டையும் சுவரில் நேரே பதிக்காமல் 12 மி.மீ. சிமென்ட் போர்டில் பதித்து, பின்னால் தாங்குபட்டை வைத்து மாட்டுவதையும் யோசியுங்கள். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். 12 டைல், போர்டு, அட்ஹெசிவ் எல்லாம் சேர்ந்து பத்து கிலோ போல வரும். ஆணி போதாது, நாலு இடத்தில் ராவல்பிளக்கும் ஸ்க்ரூவும் போடுங்கள்.